மதாம் ஏற மறுத்த வண்டி

உழவர்கரை, புதுச்சேரி
ஜூலை 2006

அன்பும் மதிப்பும் நிறைந்த இராமதாஸ் மாமாவுக்கு,

உங்கள் அக்காள் மகள் சரிதா பணிவுடன் எழுதுவது. இங்கே அம்மா, அப்பா, அன்னக்கிளி அத்தை எல்லாரும் நலம். அத்தையின் முழங்கால்கூட இந்த வாரம் புகார் சொல்லவில்லை. அங்கே பிரான்சில், துலூஸில் நீங்களும் மாமியும் வெயிலுக்கு ஈடுகொடுத்து நலமாக இருக்க வேண்டுகிறோம். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் ‘உம்’ என்பதைத் தவிர வேறு எதுவும் பேசியதில்லை என்பது உங்களுக்குத் தெரியும், அந்த ‘உம்’மைச் சொல்லவும் அம்மா ரிசீவரைக் கொடுக்க வேண்டும்.

விஷயம் இதுதான் மாமா. அடுத்த மாதம் நீங்கள் சென்னையில் இறங்கும்போது உங்களை அழைக்க நாங்கள் யாரும் விமான நிலையத்துக்கு வர மாட்டோம். கோபப்படாதீர்கள். ‘ஊரார் வீட்டுக்கெல்லாம் மாலையோட வந்து நிக்கிறாங்க, நமக்குக் கேக்க ஆள் இல்லையா?’ என்று மாமி வருத்தப்படுவார், தெரியும். நடந்ததைப் படித்தால் நீங்களே வர வேண்டாம் என்று தந்தி அடிப்பீர்கள்.

கடற்கரைப் பக்கம் ஜானகிராமன் சாரின் விருந்தினர் விடுதியில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன் அல்லவா? வெளிநாட்டு விருந்தாளிகளின் மின்னஞ்சலுக்குப் பிரெஞ்சில் பதில் எழுதுவதுதான் என் வேலை. யாரிடமும் வாயால் பேச வேண்டியதில்லை என்பதால் எனக்கு அது சொர்க்கம். விமான நிலையத்தில் இறங்குகிறவர்கள் ஏமாறாமல் வந்து சேர என்ன செய்ய வேண்டும் என்று நானே யோசித்து விதிகள் எழுதினேன். வாசலில் யார் பையைப் பிடுங்கினாலும் கொடுக்காதீர்கள், விடுதி அனுப்பிய வண்டியில் டிரைவரைத் தவிர வேறு ஆட்கள் இருந்தால் ஏறாதீர்கள், சந்தேகம் வந்தால் பேசாமல் முன்பணம் கட்டும் பிரீபெய்ட் டாக்சி கவுண்ட்டருக்குப் போங்கள், அங்கே தரும் சீட்டை ஊர் போய்ச் சேர்ந்த பிறகுதான் டிரைவரிடம் கொடுங்கள், யாராவது பின்தொடர்ந்தால் போலீசிடம் போங்கள், இப்படி. சார் அதை எல்லா விருந்தாளிகளுக்கும் அனுப்பினார். மதாம் சோலாஞ்சுக்கும் அனுப்பினார். அந்த மதாம் லியோன் நகரிலிருந்து சுற்றுலாக் கூட்டங்களை அனுப்புகிறவர். அவருக்கு இடம் பிடித்துவிட்டால் விடுதி வருஷம் முழுக்க நிரம்பும். “மதாம் பத்திரமா வந்து சேந்தா ஒன் வேலை நிரந்தரம்மா, இல்லன்னா நானே பிரெஞ்சு கத்துக்கிறேன்” என்றார் சார். வேலை நிரந்தரமாகாவிட்டால் தையில் கல்யாணம் என்று அப்பா ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஆக மதாம் பத்திரமாக வந்தால்தான் நானும் பத்திரம்.

மதாம் தனியாக வருகிற பெண் என்பதால் டிரைவர் ஜலால் அண்ணனோடு என்னையும் போகச் சொன்னார் சார். நானும் டிரைவரும் என்றால் விதிக்குப் பெரிய பங்கமில்லை, மதாம் மன்னித்துவிடுவார் என்று நினைத்தேன். அப்பா, “வயசுப் பொண்ணத் தனியா மெட்ராஸ் அனுப்புறதா? நானும் வர்றேன்” என்றார். அம்மா, “ஒரு பொம்பள கடல் தாண்டி வர்றா, ஆம்பள மட்டும் போய் நின்னா நல்லாவா இருக்கும்?” என்று பட்டுப்புடவையை எடுத்தார். அத்தை யாரையும் எதுவும் கேட்கவில்லை. நாங்கள் கிளம்பி வெளியே வந்தபோது ஜலால் அண்ணன் கொண்டுவந்த சூமோவின் முன்சீட்டில் ஆரத்தித் தட்டோடு உட்கார்ந்திருந்தார். ‘வேண்டாம்’ என்று சொல்ல வாயைத் திறந்தேன் மாமா. திறந்த வாயில் அம்மா இட்லியை வைத்துவிட்டார். ஜலால் அண்ணன் வேறு, “வரட்டும் பாப்பா, வண்டி காலியாப் போனா எனக்குத் தூக்கம் வரும்” என்றார்.

மீனம்பாக்கத்தில் எங்களை வாசலில் இறக்கிவிட்டு அண்ணன் வண்டியை நிறுத்தப் போனார். மதாம் பேர் எழுதிய பலகையை அப்பா பிடித்துக்கொண்டார். வழியிலேயே அம்மா அதன் நாலு மூலையிலும் மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார். மொட்டையாக இருக்கிறதே என்று அத்தை அதற்கு ஒரு கதம்பச் சரத்தைப் போட்டார். பக்கத்தில் நின்றவர் பலகையைப் பார்த்துவிட்டு, “எப்பங்க தவறினாங்க?” என்று அப்பாவிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். அப்பா, “இன்னும் வரலீங்க, பிளைட்டு இப்பத்தான் எறங்குது” என்றார்.

மதாம் வந்தார். கட்டையாக வெட்டிய நரைத்த தலை, முதுகில் பெரிய பை, கையில் நான் எழுதிய விதிகளின் அச்சுத்தாள். பலகையைப் பார்த்துச் சிரித்தார். பிறகு பலகையில் தொங்கிய பூவைப் பார்த்தார், அப்பாவை, அம்மாவை, அத்தையை, அத்தை கையிலிருந்த சிவப்புத் தண்ணீரைப் பார்த்தார், தாளையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். “உங்களில் யார் டிரைவர்?” என்று பிரெஞ்சில் கேட்டார். எனக்குப் புரிந்தது. பதிலை மனசுக்குள் பிழையில்லாமல் கட்டி முடிக்கிறேன், அதற்குள் அப்பா தனக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சு வார்த்தையான ‘போன்ழூர்’ சொல்லிக் கும்பிட்டார், அத்தை தட்டைத் தூக்கினார். மதாம் எங்களைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்து, திரும்பி, வாசலை ஒட்டியிருந்த பிரீபெய்ட் கவுண்ட்டர் வரிசையில் போய் நின்றுகொண்டார். பை தூக்க ஓடி வந்தவரிடம் தலையை ஆட்டி மறுத்தார், வண்டி நம்பரைச் சீட்டோடு ஒத்துப் பார்த்தார், பிறகுதான் ஏறினார். எழுதினவளுக்கு ஒரு நிமிஷம் பெருமையாகக்கூட இருந்தது மாமா, பொய் சொல்ல மாட்டேன்.

அதோடு விட்டிருந்தால் தப்பித்திருப்போம். அப்பா விடவில்லை. அண்ணன் வண்டியோடு வாசலுக்கு வந்ததும் எங்களை ஏற்றிக்கொண்டார். “நம்மள நம்பி வந்த பொம்பள, முன்னப்பின்ன தெரியாத வண்டியில போவுது. பின்னாலயே போயிப் பத்திரமாச் சேத்துடுவோம். ஓட்டு பாய்!” ஜலால் அண்ணன், “நடுவுல ஒரு சைக்கிள்கூட நொழைய முடியாது பாருங்க” என்று டாக்சியின் பின்னால் ஒட்டிக்கொண்டு ஓட்டினார். மதாம் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் அத்தை கையை ஆட்டினார். மகாபலிபுரம் தாண்டி டாக்சி இளநீருக்கு நின்றது, நாங்களும் நின்றோம். அத்தை தட்டோடு இறங்கி, “ஏ மதாம், நில்லும்மா!” என்று ஓடினார். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு அவ்வளவு வேகம் ஓடுவார் என்று நான் நினைத்ததே இல்லை. மதாம் இளநீரைப் பாதியில் போட்டுவிட்டு ஏற, டாக்சி பறந்தது. நாங்களும் பறந்தோம்.

கனகசெட்டிக்குளத்தில் எல்லைச் சோதனைச் சாவடி. பர்மிட்டுக்காக டாக்சி நின்றதும் மதாம் இறங்கி, சிவப்புத் தொப்பி போட்ட நம் புதுச்சேரி போலீஸ்காரரிடம் ஓடி எங்களைக் கைகாட்டினார்.

“யாருய்யா நீங்கல்லாம்? அந்தம்மாவ எதுக்குத் தொரத்துறீங்க?”

“தொரத்தலீங்க, அழைக்க வந்தோம்” என்றார் அப்பா.

“தட்டுல என்ன?”

“ஆரத்திங்க. கண்ணு படக் கூடாதுன்னு” என்றார் அத்தை.

“மெட்ராஸ்லேருந்து நீங்க பாத்துக்கிட்டே வந்த கண்ணுதாம்மா பட்டிருக்கு. இதுல பிரெஞ்சு பேசத் தெரிஞ்சவங்க யாரு?”

மூன்று பேரும் என்னைக் காட்டினார்கள். “எம்பொண்ணுங்க, பிரெஞ்சுல பி.ஏ. எங்க பரம்பரையிலயே மொத டிகிரி. பேசு கண்ணு” என்றார் அப்பா. வேலை, தை மாதம், மதாமின் வெளுத்த முகம் எல்லாம் ஒன்றாகக் கண்முன் வந்தன. பேச்சுப் பிரெஞ்சு ஒன்றும் வரவில்லை. தினமும் கை எழுதிப் பழகியதுதான் வாயில் வந்தது. “பெருமதிப்பிற்குரிய மதாம் அவர்களே, தங்களுடைய மேலான மின்னஞ்சல் கிடைக்கப்பெற்றமைக்கு முதற்கண் என் பணிவான நன்றியைத் தெரிவிப்பதில் பெருமகிழ்ச்சி அடைகிறேன்” என்று சாவடி அதிரச் சொன்னேன்.

மதாம் என்னை உற்றுப் பார்த்தார். “நீங்களா சரிதா? பிரான்சில் இப்போது யாருமே இப்படி எழுதுவதில்லை. யாரோ தொண்ணூறு வயதுப் பெரியவர் எழுதுகிறார் என்றல்லவா நினைத்தேன்!” என்று தலையில் கை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். அவ்வளவுதான், எனக்கு மூச்சு வந்தது, மூச்சோடு பிரெஞ்சும் வந்தது. இவர் அப்பா, இவர் அம்மா, இவர் அத்தை, எங்கள் ஊரில் விருந்தாளியை ஒரே ஒரு ஆள் போய் அழைத்தால் மதிக்கவில்லை என்று அர்த்தம், அதனால்தான் இத்தனை பேர் என்றேன். “இதை விதியில் எழுதியிருக்கலாமே!” என்றார் மதாம். அத்தை அங்கேயே ஆரத்தி சுற்றினார். நெற்றியில் வைத்த பொட்டில் போலீஸ்காரருக்கும் பங்கு கிடைத்தது. ஆனாலும் மதாம் எங்கள் வண்டிக்கு மாறவில்லை. சீட்டை ஊர் சேர்ந்த பிறகுதான் கொடுக்க வேண்டும் என்று நான் எழுதியிருந்தேனாம். டாக்சியிலேயே வந்து, விடுதி வாசலில் இறங்கி, சீட்டைக் கொடுத்த பிறகுதான் அத்தையைக் கட்டிக்கொண்டார். “இவ்வளவு உபயோகமான அறிவுரையை எந்த நாட்டிலும் நான் வாங்கியதில்லை” என்று சாரிடம் சொன்னார். சார் எங்கள் நாலு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் விளங்காவிட்டாலும் “நிரந்தரம்” என்றார். அன்று மதியம் சாப்பிட்ட சோறு எனக்கு இறங்கினதைப்போல் இதுவரை எந்தச் சோறும் இறங்கியதில்லை மாமா.

ஆகவே நீங்களும் இப்போது வெளிநாட்டு பாஸ்போர்ட்காரர்தானே, முறையாக வந்து சேருங்கள். பிரீபெய்ட் கவுண்ட்டருக்குப் போங்கள், நம்பரை ஒத்துப் பாருங்கள், பையை மடியிலிருந்து இறக்காதீர்கள், ‘உறவுக்காரங்க அனுப்பினாங்க’ என்று யார் வந்தாலும் நம்பாதீர்கள். நாங்கள் வீட்டு வாசலில் காத்திருப்போம். அம்மாவும் ஒருவழியாகச் சம்மதித்துவிட்டார்.

மாமிக்கு என் வணக்கம். தங்கள் பயணம் தடங்கலில்லாமல் அமைய இங்கே எல்லாரும் கும்பிட்டுக்கொள்கிறோம்.

தங்கள் அன்பு மருமகள்,
சரிதா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்னால் இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “அழகா எழுதியிருக்க, அனுப்பு. வேன் சொல்லியாச்சு” என்றார். சம்மதித்தது சூமோ வேண்டாம் என்பதற்குத்தானாம், இடம் பத்தாது. உப்பளம் பக்கத்து உறவுக்காரர்கள் எல்லாரும் வருகிறார்கள். ஜானகிராமன் சார் எனக்கு லீவு கொடுத்துவிட்டுத் தானும் வருகிறாராம். மதாம் சோலாஞ்ச் இதற்காகவே ஊர் திரும்புவதைத் தள்ளிப்போட்டு, தினமும் சாயங்காலம் அத்தையிடம் வந்து தட்டைச் சுற்றப் பழகுகிறார். ஆகவே மாமா, மேலே எழுதிய எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். எந்த வேனில் நிற்கக்கூட இடமில்லையோ அதில் தைரியமாக ஏறுங்கள். டிரைவர் மட்டும் தனியாக இருந்தால் ஏறிவிடாதீர்கள், அது நம் வண்டி இல்லை.