தூங்குபவரை எழுப்பக் கூடாது

"மேடம், இவர் எழுந்திருக்கற மாதிரி தெரியலை" என்று காலை அமுக்கியபடியே கிசுகிசுத்தாள் மசாஜ் பெண்.

மேனேஜரம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். அந்த ஹோட்டலுக்கே மசாஜ் அறை ஒன்றுதான். இன்னும் சற்று நேரத்தில் முதலாளியின் மாமியார் வந்து படுத்தாக வேண்டும். அந்த அம்மா எழுந்து "பரவாயில்லை" என்று ஒரு வார்த்தை சொன்னால்தான் மேனேஜரம்மாவின் வேலை நிரந்தரம்.

எழுப்பிவிடலாம்தான். ஆனால் ஹோட்டல் சட்டம் விடாது. கண்ணயர்ந்த விருந்தாளியை எழுப்பக் கூடாது. தானாக விழிக்கும்வரை கால் அமுக்குவதை நிறுத்தவும் கூடாது. போன வருடம் ஒருவரைத் தட்டி எழுப்பிய புண்ணியவதி இன்னும் சலவை அறையில் போர்வை மடித்துக்கொண்டிருக்கிறாள்.

"யாருடி இவர்?"

"ரெண்டு மணி கெஸ்ட் மேடம். நான் சாப்பிட்டு வர்றதுக்குள்ள தானாவே வந்து படுத்துட்டார். உள்ளங்காலைப் பாருங்க, ஒரே கரி."

"பெரிய மனுஷங்க இப்பல்லாம் செருப்பில்லாமதான் நடக்கறாங்க. அதுதான் ஆரோக்கியமாம். நீ அமுக்கு."

தானாக விழித்தால் குற்றமில்லையே. ஏசியைக் கூட்டினார்கள், மனிதர் வெள்ளைப் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார். மூக்கில் படட்டும் என்று ரோஜா இதழ்களைத் தூவினார்கள். போர்வைமேல் அழகாகக் கிடந்தன. ஒரு கட்டு ஊதுபத்தியை ஏற்றிக் கட்டிலில் செருகினார்கள். தும்மல் மேனேஜரம்மாவுக்கு வந்தது.

கடைசியில் அவரைக் கட்டிலோடு யோகா அறைக்குத் தள்ளிவிட்டு, இங்கே வேறு கட்டில் போடுவது என்று முடிவாயிற்று. கட்டில் கிறீச் கிறீச்சென்று முனகிக்கொண்டே நகர்ந்தது. மேனேஜரம்மா தலைமாட்டில் தள்ள, மசாஜ் பெண் கால்மாட்டில் அமுக்கியபடியே பின்னோக்கி நடந்தாள். ஊதுபத்திப் புகையில் அவள் கண்ணிலிருந்து நீர் தாரை தாரையாகக் கொட்டியது.

நடைவழியில் எதிரே வந்தார் மாமியார். சுவரோரம் ஒதுங்கிக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எப்ப?"

விருந்தாளி விழித்துவிடப் போகிறாரே என்று மேனேஜரம்மாவும் குரலைத் தாழ்த்தினாள். "மத்தியானம்ங்கம்மா. கால் அமுக்க அமுக்க, அப்படியே…"

"உங்க கையாலயா?"

"எங்க கை ராசி அப்படிங்கம்மா. நீங்களும் வாங்க, ரூம் ரெடி."

"வேண்டாம்மா. நான் இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும்" என்ற மாமியார், முட்டிவலியெல்லாம் மறந்து படிக்கட்டில் ஓடியே போனார்.

மேனேஜரம்மா கட்டிலைப் பிடித்தபடியே படிக்கட்டை எட்டிப் பார்த்தாள். வரவேற்பறைப் பெண் அந்தப் பக்கமாக வந்து எட்டிப் பார்த்தாள்.

"மேடம், ரெண்டு மணி கெஸ்ட் வரலைன்னு போன் பண்ணிட்டார். சரி, ரூம் சும்மாதானே இருக்குன்னு கட்டில் ரிப்பேர்காரரை உள்ளே அனுப்பினேன். எங்கே சத்தம் வருதுன்னு படுத்துப் பார்த்தாதான் தெரியும்னார், தெரிஞ்சுதாமா?"