சொட்டு ஞானியின் நீலப் பெட்ரோல்

காலை ஏழு மணிக்கு என் சாவிக் கடையைத் திறப்பேன். அதற்குள் எதிர்க் கொட்டகை வாசலில் முப்பது பேர் நிற்பார்கள், ஆளுக்கொரு பெட்ரோல் கேனோடு. ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கக்கூட நம் ஜனங்கள் இத்தனை ஒழுங்காக நின்று நான் பார்த்ததில்லை. புல் வெட்டுகிறவர்கள், வேலி கத்தரிக்கிறவர்கள், மரம் அறுக்கிறவர்கள், சருகு ஊதுகிறவர்கள் என்று பச்சையாக எது முளைத்தாலும் அதன் கழுத்தில் கத்தி வைக்கிற அத்தனை பேரும் அங்கே இருப்பார்கள். தெரு முழுக்கப் பக்தியும் பெட்ரோலும் சம அளவில் மணக்கும்.

உள்ளே சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்தான் சொட்டு ஞானி. வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட், கையில் கண் மருந்துப் புட்டி. கேனைத் திறந்து நீட்டினால் கண்ணை மூடுவார், மூச்சை இழுப்பார், ஒரே ஒரு சொட்டு விடுவார். பெட்ரோல் முழுக்க நீலமாகிவிடும். "ஆச்சு, போ" என்பார். பக்கத்தில் அவருடைய மச்சான் புனலோடு நிற்பார். ஒரு கையால் கேனை மூடிக் கொடுப்பார், மறு கையால் காணிக்கையை வாங்கிக்கொள்வார்.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இந்தத் தோட்ட மிஷின்களுக்குத் தனியாக எண்ணெய் ஊற்ற இடம் கிடையாது. பெட்ரோலோடு எண்ணெயைக் கலந்துதான் ஊற்ற வேண்டும். உள்ளே பிஸ்டன் தேயாமல் வழுக்கிக்கொண்டு ஓடுவது அந்த எண்ணெயால்தான். ஐந்து லிட்டருக்கு நூறு மில்லி. மிஷினோடு வருகிற புத்தகத்தில் படம் போட்டே எழுதியிருக்கிறது. எங்கள் ஊரில் அந்தப் புத்தகத்தை யாரும் படித்ததில்லை. ஆடுகிற மேசைக்காலுக்கு முட்டுக் கொடுக்க அதைவிடப் பொருத்தமான தடிமனில் வேறு புத்தகம் கிடையாது.

படிக்காததால் ஆளுக்கொரு அளவு. ஒருவர் இருமல் மருந்து மூடியால் ஆறு ஊற்றுவார். இன்னொருவர் ஷாம்பு மூடியால் ஒன்பது. மூன்றாமவர் கை போன போக்கில். எண்ணெய் கூடினால் மிஷின் ரயில் எஞ்சின் மாதிரிப் புகையும், குறைந்தால் சூடேறிக் கத்தும். எந்த மூடி சரி என்று இருமல் மருந்துக்காரரும் ஷாம்புக்காரரும் ஒரு நாள் சட்டை கிழியச் சண்டை போட்டார்கள். கிழிந்த சட்டையோடு இருவரும் சேர்ந்தே ஞானியிடம் போனார்கள். புத்தகத்திடம் போகவில்லை.

ஞானியின் போதனை சுருக்கமானது. "புகைங்கறது மிஷினோட பாவம். நம்ம சொட்டுப் பட்டா பாவம் போயிடும்."

போயும்விட்டது. அவர் சொட்டு விட்ட பெட்ரோலில் ஓடிய மிஷின் எதிலும் மருந்துக்கும் புகை இல்லை. ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எண்ணெய் வாங்குகிற செலவும் மிச்சம். மூன்றே மாதத்தில் கொட்டகைக்கு மின்விசிறி வந்தது, மைக் வந்தது, இரண்டையும் ஓட்டப் பின்னறையில் ஒரு குட்டி ஜெனரேட்டரும் வந்தது. அதுவும் பெட்ரோலில் எண்ணெய் கலக்கிற அதே வகைதான்.

ஒரு சின்னச் சிக்கல் மட்டும் இருந்தது. புகை நின்ற கொஞ்ச நாளில் மிஷினும் நின்றுவிடும். கயிற்றை இழுத்தால் அசையாது, பிஸ்டன் இறுகிப் பிடித்திருக்கும். தூக்கிக்கொண்டு ஞானியிடம் ஓடுவார்கள். அவர் மிஷினின் தலையில் கை வைத்து, "கொடுத்து வெச்ச மிஷின். முக்தி அடைஞ்சிடுச்சு" என்பார். வந்தவரும் மூக்கைச் சிந்திவிட்டு, தன் மிஷினுக்கா இந்தப் பாக்கியம் என்று பெருமையோடு வீட்டுக்குப் போவார். இப்படிப் பன்னிரண்டு மிஷின்கள் மோட்சம் போயிருந்தன.

எனக்குச் சந்தேகம் வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. ஆனால் வரிசையில் நிற்கிறவர்கள் சும்மா நிற்கும் நேரத்தில் என்னிடம் வீட்டுச் சாவிக்கு ஒரு மாற்றுச் சாவி போட்டுக்கொண்டார்கள். வியாபாரம் நடக்கும்போது வாயைத் திறப்பானேன் என்று இருந்துவிட்டேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

வாயைத் திறந்தவர் என் பக்கத்து லாண்டிரிக் கடையில் வேலை பார்க்கும் அக்கா. அவர் வீட்டுக்காரர் புல்வெட்டி. அவருடைய பழைய மிஷின் முக்தியடைந்த பன்னிரண்டில் ஒன்று. வீட்டிலிருந்த வாஷிங் மிஷினை விற்றுத்தான் புது மிஷின் வாங்கினார்கள். ஊரார் துணியைக் கடையில் மிஷினில் போடுகிற அக்கா, பத்து நாளாகத் தன் வீட்டுத் துணியைக் கையால் துவைத்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்குப் புல்வெட்டிக்குப் பள்ளிக்கூட மைதானம். மறுநாள் விளையாட்டுப் போட்டி. சாயங்காலத்துக்குள் புல்லை வெட்டி முடித்தால் வருஷம் முழுக்க அந்த வேலை அவருக்குத்தான். நடுவில் மிஷின் நின்றால் வேறு ஆள். அவரோ தோளில் புது மிஷினும் கையில் கேனுமாக ஞானியின் வரிசையில் நின்றார். அக்கா கடையிலிருந்து இறங்கி வந்தார்.

"ஏங்க, இதுக்கும் அந்தாளுதான் சொட்டு விடணுமா?"

"மெதுவாப் பேசும்மா. அவரு காதுல விழுந்தா சொட்டு பலிக்காது."

"பழைய மிஷினுக்குப் பலிச்சுதா?"

"அது முக்தி."

"முக்தி அடைஞ்ச மிஷின் புல்லு வெட்டுமா?"

புல்வெட்டி கொஞ்சம் யோசித்தார். நேர்மையான மனிதர். "வெட்டாது" என்றார்.

"அப்போ செத்ததுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?"

"இன்னிக்கு ஒரு நாள் விட்டுடும்மா. மைதானம் முடியணும்."

"இன்னிக்குத்தான் விட மாட்டேன். ஆறு பேரு துணியை அடிச்சுத் துவைச்சுத் தோள்பட்டை கழண்டு போச்சு. இதுவும் முக்தி அடைஞ்சா அடுத்து நான்தான் அடையணும்."

சொல்லிவிட்டு வரிசையைத் தாண்டி உள்ளே போனார். ஞானி பாதிக் கண்ணைத் திறந்தார்.

"என்னம்மா, உனக்கு என்ன மிஷின்?"

"என் மிஷினை வித்தாச்சுங்க. ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம் இருக்கு."

"சந்தேகம் இருக்கற இடத்துல சொட்டு வேலை செய்யாது."

"பன்னெண்டு மிஷின் நின்னிருக்கே. அத்தனை பேருமா சந்தேகப்பட்டாங்க?"

வரிசையில் நின்ற அந்தப் பன்னிரண்டு மிஷின்காரர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தாங்கள் எதையும் சந்தேகப்பட்டதே இல்லை என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை.

அக்கா கையில் சட்டை சுற்றிக் கொடுக்கிற மெல்லிய வெள்ளைத் தாள்கள் இருந்தன. மூன்றை எடுத்துக் கொட்டகை வாசலில் இருந்த கொடியில் வரிசையாகக் கிளிப் போட்டு மாட்டினார்.

"பதினஞ்சு வருஷமா நான் பார்க்கறது கறையைத்தான். காலர்ல எண்ணெய் பட்டா பெட்ரோல் தொட்டுத்தான் எடுப்போம். பெட்ரோல் காத்துல பறந்துடும். எண்ணெய் பறக்காது, எங்க பட்டுதோ அங்கேயே உட்கார்ந்துக்கும். அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்ச சாஸ்திரம்."

முதல் தாளில் வெறும் பெட்ரோல் ஒரு சொட்டு. இரண்டாவதில், கடையில் விற்கிற மிஷின் எண்ணெயை லாண்டிரிக் கடையின் சோப்பு அளக்கிற கோப்பையால் அளந்து கலந்த பெட்ரோல் ஒரு சொட்டு. மூன்றாவதில் ஞானியின் நீலப் பெட்ரோல் ஒரு சொட்டு. பிறகு எல்லோரும் காத்திருந்தார்கள். பரபரப்பில் ஒருவர் சிகரெட் பற்றவைக்கப் போனார். ஐந்து பேர் அவர்மேல் விழுந்து அமுக்கினார்கள். எங்கள் ஊரில் பகுத்தறிவு அடியோடு செத்துவிடவில்லை என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

ஞானி மைக்கைப் பிடித்தார். "தாள் வேற, பிஸ்டன் வேற. ஞானம் தாள்ல தங்காது."

"வேற எங்கதான் தங்கும்?" என்றார் இருமல் மருந்துக்காரர். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

கால் மணி நேரம் போனது. அக்கா தாள்களை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தார். முதல் தாளில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் ஒரு நாணயம் அளவுக்கு லேசான நீலத்தில் எண்ணெய் வட்டம், பலகாரம் மடித்த காகிதம் மாதிரி வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தது. மூன்றாவதில் அழகான நீலப் புள்ளி. வெளிச்சம் ஊடுருவவில்லை. அக்கா விரலால் தேய்த்துக் காட்டினார். பிசுக்கே இல்லை, காய்ந்து கிடந்தது.

"நீலம் இருக்கு. எண்ணெய் எங்கே?"

அக்கா தாளைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"எண்ணெய் கலந்தாச்சா இல்லையான்னு கண்ணுக்குத் தெரியணும்னு கம்பெனிக்காரன் எண்ணெயில நீலச் சாயம் போடறான். இவரு எண்ணெயை விட்டுட்டுச் சாயத்தை மட்டும் போட்டிருக்காரு. உப்புன்னு சீட்டுல எழுதிச் சட்டியில போட்டா சோத்துல உப்பு ஏறுமா? எண்ணெயே இல்லைன்னா புகை எங்கேருந்துங்க வரும்?"

ஷாம்புக்காரர் தொண்டையைச் செருமினார். "அப்போ என் மிஷின் முக்தி அடையலையா?"

"தொண்டை வறண்டு செத்துதுண்ணே."

ஷாம்புக்காரர் அழுதார். இந்தத் தடவை பெருமை இல்லை.

ஞானி லேசில் விடுகிறவர் இல்லை. "இது எனக்கு ஆகாதவங்க செய்யற வேலை" என்று கர்ஜித்தார். "என் சொட்டை நானே நம்பலைன்னா எப்படி? இந்த மைக்கை ஓட்டற ஜெனரேட்டரே என் சொட்டுலதான் ஓடுது."

அக்கா கூரைக்கு மேலே கையைக் காட்டினார். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். பின்னறை ஜன்னலிலிருந்து மெல்லிய புகை நெளிந்து நெளிந்து மேலே போய்க்கொண்டிருந்தது.

"அது யாரு பாவங்க?" என்றார் அக்கா.

"ரூமைத் திற" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். "சாவி தொலைஞ்சு போச்சு" என்றார் ஞானி, கொஞ்சமும் தயங்காமல்.

என் முறை வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அந்தப் பூட்டுக்குச் சாவி போட்டவன் நான். ஞானி மூன்று போடச் சொல்லிவிட்டு இரண்டை மட்டும் எடுத்துப் போயிருந்தார். மூன்றாவது மூன்று மாதமாக என் கடை ஆணியில் என் மனசாட்சிக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தேன்.

கதவைத் திறந்தேன். உள்ளே ஜெனரேட்டர் சுகமாக ஓடிக்கொண்டிருந்தது. அலமாரி நிறையக் கடை எண்ணெய்ப் புட்டிகள். பக்கத்தில் கோடு போட்ட அளவுக் கோப்பை. அதன் அடியில் மிஷினோடு வருகிற புத்தகம், கலவைப் படம் இருக்கும் பக்கம் மடித்து வைத்தபடி. எங்கள் ஊரிலேயே அந்தப் புத்தகத்தைப் படித்த ஒரே ஆள் சொட்டு ஞானிதான்.

திரும்பிப் பார்ப்பதற்குள் ஞானி கொட்டகை வாசலில் நின்ற தன் பழைய மொபெட்டில் ஏறிப் பறந்துவிட்டார். அதுவும் பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஓட்டுகிற வண்டிதான். கூட்டம் துரத்தத் தயாரானபோது மச்சான் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"துரத்த வேணாங்க. ரெண்டு வாரமா அவரு வண்டிக்கும் நம்ம சொட்டைத்தான் ஊத்தறேன். அவருக்கே தெரியாம. நான் நம்பினேங்க."

மொபெட் பாலத்து ஏற்றம் வரை போயிற்று. அங்கே முக்தி அடைந்தது.

புல்வெட்டி அந்த நேரத்தையும் வீணாக்கவில்லை. ஞானியின் அளவுக் கோப்பையை எடுத்து நூறு மில்லியை அளந்து தன் ஐந்து லிட்டர் கேனில் ஊற்றினார், மூடிக் குலுக்கினார், மிஷினில் விட்டார். சாயங்காலம் ஐந்தரைக்கு மைதானம் சவரம் செய்த கன்னமாகக் கிடந்தது. மிஷின் லேசாகப் புகைந்தது. அந்தப் புகையை அவர் பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கதையை இங்கே முடிக்கத்தான் ஆசை. ஆனால் மறுநாள் காலை ஏழு மணிக்குக் கடையைத் திறந்தால் மறுபடியும் வரிசை. லாண்டிரிக் கடை வாசலில். ஆளுக்கொரு கேன். முதல் ஆள் இருமல் மருந்துக்காரர்.

"அக்கா, ஒங்க கையால எண்ணெயை ஊத்திக் கொடுங்க. ஒங்க கை ராசியான கை."

அக்கா அந்த அளவுக் கோப்பையை எடுத்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினார். "இதுல கோடு தெரியுதா?"

"தெரியுதுக்கா."

"நூறுன்னு எழுதியிருக்கறது தெரியுதா?"

"தெரியுது."

"அப்புறம் என் கை எதுக்குண்ணே?"

அவர் கோட்டை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பின்னால் நின்றவர் எட்டிப் பார்த்து, "கோட்டுக்கு ஏதாவது காணிக்கை உண்டா?" என்று கேட்டார். அக்கா ஷட்டரை இறக்கிவிட்டார்.

நான் சாவி போடுகிறவன், ஊருக்குப் புத்தி சொல்கிற தொழில் எனக்கில்லை. ஆனாலும் மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு அபராதமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புகையே வராத மிஷினையும் கேள்வியே வராத மண்டையையும் நம்பாதீர்கள். இரண்டும் கொஞ்ச நாள் சத்தமில்லாமல் ஜோராக ஓடும். ஒரு நாள் இறுகிப் பிடித்துக்கொள்ளும். மிஷினுக்காவது கடையில் பிஸ்டன் கிடைக்கும்.