பெர்னார்ட் டிக்கின் அஞ்சல் வாக்கை மீட்ட காண்டம்

சோபாவுக்கு அடியில் இடுப்புவரை புகுந்து, கைவிளக்கின் ஒளிவாளால் தூசுப்படலத்தைப் பிளந்து, கறுப்புப் பேனா ஒன்றைத் துழாவிக்கொண்டிருந்த அந்த மாவீரனின், வெளியே தெரிந்த ஒரே பகுதியாகிய திருப்பின்புறம் வாழ்க! லட்லோ நகரின் மேட்டிலும் பள்ளத்திலும் முப்பதாண்டு பேருந்து செலுத்தியவனும், ஓய்வுக்குப் பின் எவர் பேச்சுக்கும் வண்டியை நிறுத்தாதவனுமாகிய பெர்னார்ட் டிக்கின் வாழ்க!

மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய அவன் அஞ்சல் வாக்கின் ஆயுள் அன்று மாலை ஐந்து மணியோடு முடிகிறது. நகராட்சி அனுப்பிய நினைவூட்டல்களெல்லாம் ரொட்டி வாட்டும் பொறிக்குப் பின்னால் யோகநித்திரையில் கிடக்க, நம் தலைவன் கடைசி நாளில்தான் விழித்தான். புதுப்பிக்கத் தவறினாலோ, மே மாதத் தேர்தலில் வாக்குச்சீட்டு அவனைத் தேடி வராது. அவன்தான் அதைத் தேடிப் போக வேண்டும். அதை நினைத்த மாத்திரத்தில் வேடன் வலையைக் கண்ட மான்போல் அவன் மேனி நடுங்கிற்று.

கணினித் திரையோ கல்நெஞ்சக் காவலனாய் நின்றது. வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் கையெழுத்திட்டு, அதைப் படம்பிடித்து அனுப்புக என்றது. வீட்டிலோ நீலப் பேனாக்களின் நால்வகைப் படை, பேத்தி விட்டுச்சென்ற மினுமினுப்புப் பச்சை ஒன்று, கறுப்பு ஒன்றுமில்லை. தூசு மீசையோடு சோபாவின் பாதாளத்திலிருந்து மீண்டான் வீரன். கையில் கறுப்புப் பேனா! அடுத்து, தாள். கோடு போடாத தாளைத் தேடி அறை அறையாகப் படையெடுத்தவன், ஈற்றில் ஒரு வேட்பாளரின் துண்டறிக்கையைக் கவிழ்த்து, வெண்முதுகில் வீறுகொண்டு கையெழுத்திட்டான். படம் எடுத்தால், முதலெழுத்துக்குள்ளிருந்து மறுபக்க வேட்பாளரின் பற்கள் இளித்தன. ஈஸ்டர் சாக்லேட் முட்டைப் பெட்டியின் உட்புற அட்டையைக் கிழித்து மறுபடி கையெழுத்திட்டான். இம்முறை அவன் தலையின் நிழலே கிரகணமாய்க் கவிந்தது. தலையை விலக்கினான், பூனை வந்து அமர்ந்தது. பூனையை விலக்கினான், நகம் மணிக்கட்டில் விழுப்புண் பொறித்தது.

அப்போது சமையலறையிலிருந்து கெட்டிலின் சங்கநாதம். தேநீர் இறங்கிக் கசந்துபோகவிட்டு வேறு வேலை பார்த்தவன் அந்த மண்ணில் பிறந்ததில்லை. பாலை விட்டு, சர்க்கரையைக் கலக்கி, பிஸ்கட்டை நனைத்து, அது பாதியில் உடைந்து கோப்பைக்குள் மூழ்க, கரண்டியால் அதை மீட்டுத் தின்று அவன் திரும்பியபோது, நெடுநேரம் அசைவில்லாததால் எல்லாம் அழிந்தது, முதலிலிருந்து தொடங்குக என்றது திரை.

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து மனைவி வெண்டியின் குரல் அம்பாய் வந்தது.

"வாக்குச்சாவடி நம்ம தெருமுனையில தானே இருக்கு, பெர்னார்ட்? நடந்து போய்ப் போட்டுட்டு வந்தா என்ன, கால் தேஞ்சிடுமா?"

"மழை பெய்யும்."

"மே மாசத்துலயா?"

"மே மாசத்துலதான் பெய்யும்" என்று முழங்கிவிட்டு, மீண்டும் களம் புகுந்தான் காளை.

பெயரை எய்தான். பிறந்த நாளை எய்தான். தேசியக் காப்பீட்டு எண்ணின் இலக்கங்களை ஒவ்வொன்றாய் உச்சரித்து ஏவினான். சுவர்க் கடிகாரத்தின் பெரிய முள் பன்னிரண்டை நெருங்கி யமதூதனாய் எட்டிப் பார்க்க, பூனையைக் குளியலறையில் சிறையிட்டு, ஜன்னலோரம் அட்டையை ஏந்தி, மூச்சடக்கி, படத்தைப் பிடித்து அனுப்பினான். திரை சுழன்றது. சுழன்றது. சுழன்றுகொண்டேயிருந்தது. பிறகு, விண்ணப்பம் பெறப்பட்டது என்று பச்சை எழுத்தில் பூமாரி பொழிந்தது.

நாற்காலியில் சரிந்தான் நாயகன். வெண்டி செய்தித்தாளை மடித்துவைத்து, நிஜமான காரணத்தைச் சொல்லித் தொலை என்றாள். வானளாவிய வெற்றியின் உச்சியில் நின்ற அந்த வாகைசூடி, மூன்றாண்டுக்கு இனித் தனக்கு அச்சமில்லை என்று பெருமூச்செறிந்தான்.

சாவடியில் உட்கார்ந்து பெயர் சரிபார்க்கிற ராயிடம் ஏழு வருஷத்துக்கு முன்னால் இரவல் வாங்கின ஏணியை பெர்னார்ட் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.