கூடிக்கொண்டே போன துவக்குகள்

"அண்ணை, ஒண்டு கூடுது."

திரையில் அகஸ்ரின் இப்படிச் சொன்னதும் இரத்தினவேல் கோப்பியைக் கீழே வைத்தார். அகஸ்ரின் நின்றது, முன்பு சோவியத்தோடு இருந்த ஒரு சின்ன நாட்டின் ஆயுதக் கிடங்கில். இரத்தினவேல் இருந்தது கண்டம் தாண்டி மோர்னிங்சைட்டில், தன் வீட்டு பேஸ்மென்ற்றில். மிஞ்சிய துவக்குகளை அங்கே வெட்டி அழிக்கமுன், ஒவ்வொன்றின் இலக்கத்தையும் கமராவில் பார்த்துப் பட்டியலோடு ஒப்பிடுவது அவர் வேலை.

குழலை மட்டும் வெட்டினால் போதாது. வேறு குழல் பூட்டிச் சுடலாம். இலக்கம் பொறித்த நடு உடலை மூன்று துண்டாக வெட்டவேண்டும். அதற்குப் பிறகுதான் அது வெறும் இரும்பு.

பட்டியலில் நானூறு. கிடங்கில் நானூற்றியொன்று.

"குறைஞ்சா களவு. கூடினா என்னடாப்பா?"

"குட்டி போட்டிருக்குமண்ணை."

"பகிடி விடாதை. எண்ணிக்கை பிழைச்சா வேலையை நிப்பாட்டவேணும். பிறகு வின்ரர் முடியும்வரை எல்லாம் அந்த ஓட்டைக் கதவுக்குப் பின்னாலை கிடக்கும். ஆர் அள்ளிக்கொண்டு போய் ஆரைச் சுடுவாங்களோ!"

காவலாளிகளில் சந்தேகப்பட்டு அவர்களை மாற்றச் சொன்னார். உள்ளூர்க்காரர் இருவரைப் போட்டார்கள். மறுநாள் நானூற்றிப் பதினொன்று.

வேலையாட்கள் பயமில்லாமல் உண்மையைச் சொல்லட்டும் என்று, 'கூடுதலாக வைத்தவர் யாரென்று விசாரிக்கமாட்டோம்' எனக் கிடங்கு வாசலில் அறிவித்தல் ஒட்டச் சொன்னார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் நானூற்றி முப்பத்தேழு.

"அண்ணை, இனி வைக்க இடமில்லை."

"நீ ஒண்டும் கதையாதை."

நாலாம் நாள் காலை, வேலையை நிறுத்தும் கடிதத்தை எழுதி முடித்தார். அனுப்பவேண்டியதுதான் பாக்கி. உடுப்புக் கூடையோடு ட்ரையரடிக்கு வந்த மனைவி மங்கையற்கரசி திரையைப் பார்த்து நின்றாள். அன்று காலை வந்திருந்த துவக்கை அகஸ்ரின் தூக்கிக் காட்டினான். அதைச் சுற்றிப் பூப்போட்ட தலையணை உறை.

"இஞ்சருங்கோப்பா, அனுப்பாதேங்கோ. உது கிடங்குச் சாமான் இல்லை. வீட்டுச் சாமான்."

"உமக்கு உதுகளைப் பற்றி என்ன தெரியும்?"

அவள் கூடையை மெல்ல இறக்கினாள்.

"அப்ப ஊரிலை, என்ரை அண்ணையின்ரை துவக்கை ஆரிட்டையாவது குடுத்துவிட நானும் இப்பிடித்தான் துணியிலை சுத்திக்கொண்டு திரிஞ்சனான். விசாரிக்காமல் வாங்க ஒருத்தரும் இருக்கேல்லை."