சக்கிமுக்கி சிவந்த கதை

இந்தத் தடவை விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். கல்யாணமான மனுஷன் ஒரு தடவையாவது சொன்னதைச் சாதிக்க வேண்டாமா?

சங்கதி இதுதான். திருச்சியில் சில வருஷம் உத்தியோகம் பார்த்துவிட்டு மலாயாவுக்குத் திரும்பியபோது, ஒரு பெட்டி நிறையச் சக்கிமுக்கிக் கல்லைக் கப்பலில் கொண்டுவந்தேன். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் அது என் கட்டிலுக்கடியில் குடியிருந்தது. கிறிஸ்துமஸுக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது ஆற்றில் கொட்டப்போவதாக என் மனைவி மகதலேனா சொல்லிவிட்டாள்.

“சாம்பல் கலர்லே இருக்கேன்னு பார்க்கிறியா? மணல்லே புதைச்சுப் பக்குவமா சுட்டா செக்கச் செவேல்னு ஆயிடும். இங்கிலீஷ் புஸ்தகத்திலே இருக்கு” என்றேன்.

“ஆகலேன்னா?”

“நானே சுமந்துபோய் ஆத்துலே கொட்டுறேன். ஆச்சுன்னா பெட்டி இங்கேதான் இருக்கும்.”

“சரிங்க. என் கேக் சட்டியை எடுத்துக்குங்க. கேக் சுட வச்ச மணல்கூட அதுலேயே இருக்கு.”

இதற்குமுன் அவள் இவ்வளவு சீக்கிரம் ‘சரி’ சொன்னது, கல்யாணத்தன்று மாதா கோயிலில் சாமியார் சம்மதம் கேட்டபோதுதான். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை லீவு போட்டேன். விடிந்ததும் சட்டி அடுப்பில் ஏறியது. மணல், கல், மறுபடி மணல். அடியில் கரி நெருப்பு. மூடிமேலும் கரி நெருப்பு. சூடு மிஞ்சினால் கல் வெடிக்கும். குறைந்தால் கல் கல்லாகவே இருக்கும். விசிறியோடு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. மழை வந்தது. குடையை அடுப்புக்குப் பிடித்துவிட்டு நான் நனைந்தேன்.

பக்கத்து வீட்டு வீரம்மா வேலியோரம் வந்தாள்.

“அண்ணே, என்ன வேகுது?”

“கல்லும்மா.”

“கறி விலை அவ்வளவா ஏறிப்போச்சு?”

மகதலேனா சிரிக்கவில்லை. என் பக்கத்தில் குந்தி, பச்சைப்பிள்ளைபோல் கேட்டாள்.

“மேலே கரி எதுக்குங்க?”

“அடியிலே மட்டும் நெருப்பு வச்சா அடி தீயும், மேலே வேகாது.”

“சூடு சமமா இருக்குன்னு எப்படித் தெரியும்?”

“உள்ளங்கையைக் காட்டினா போதும். அதுவே சொல்லிடும்.”

“நாள் பூரா உட்கார இடுப்பு தாங்குமா?”

“நாளைக்கும் உட்காருவேன். நெருப்பு காக்க என்னை மாதிரி ஆள் இந்தக் குவார்ட்டர்ஸ்லேயே கிடையாது.”

“வீரம்மா, கேட்டுக்கிட்டியா?” என்றாள்.

“கேட்டேன்க்கா. சாட்சிக்கு வரேன் லா.”

எனக்கு மார்பு விரிந்து சட்டைப் பொத்தான் முனகியது.

மறுநாள் பூசை முடிந்து வந்து, ஆறிய மணலைத் தோண்டினேன். ஒன்றுகூட வெடிக்கவில்லை. ஒன்று மாதுளை முத்து, ஒன்று செம்பருத்தி, ஒன்றில் மஞ்சளும் சிவப்புமாகச் சாயங்கால வானமே படிந்திருந்தது. மகதலேனா அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

“நிஜமாவே அழகுதாங்க. பெட்டி இருக்கட்டும்.”

ஜெயித்துவிட்டேன். அந்தச் சந்தோஷம் வாசல் கதவு தட்டப்படும்வரை நிலைத்தது.

வீரம்மா நின்றாள். கையில் மாவு, முட்டை, வெண்ணெய். அவளுக்குப் பின்னால் எங்கள் வரிசை வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும், அதே சாமான்களோடு.

“அண்ணே, இந்த வருஷம் எல்லாருக்கும் கிறிஸ்துமஸ் கேக் நீங்கதான் சுடுறீங்களாம். அக்கா போன வாரமே சொல்லிட்டாங்க.”

போன வாரம். நான் கல் சுடுவதாகப் பேச்சை எடுத்ததே மூன்று நாள் முன்பு, வியாழக்கிழமைதான்.

“எனக்குக் கேக் சுடத் தெரியாதே” என்றேன்.

“கல்லையே பதமா சுட்ட கை,” என்றாள் மகதலேனா. “மாவு என்னங்க பிரமாதம்? நான் கிள்ளானுக்குப் போய் எங்க அக்காவைப் பார்த்துட்டு வரேன்.”

இதை இடது கையால் எழுதுகிறேன். வலது கை விசிறிக்கொண்டிருக்கிறது.