கல்யாணமானவளுக்கு வந்த வரன்

கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. திரையில் வெளிச்சம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பிவிடுவோம். எனக்கு அது முற்றியிருந்த காலத்தில் நடந்தது இது.

துடியலூரில் சாந்தாமணி அக்கா திருமணத் தகவல் மையம் நடத்துகிறார். எனக்கும் கவிதாவுக்கும் முடித்துவைத்தவர் அவர்தான். அந்த நன்றிக்காக (வேறு யாரும் கூப்பிடாததாலும்) கல்யாணத்துக்குப் பிறகு அவருடைய சர்வரை நான் கவனித்துவந்தேன். ஒரே பெட்டிக்குள் பல கம்ப்யூட்டர்கள் இருப்பதுபோல ஓட்டிக்காட்டும் மென்பொருள் அதில் இருந்தது. உள்ளே ஓடிய அந்த மெய்நிகர்க் கணினிகளில் ஒன்றில்தான் அக்கா சேர்த்த வரன்கள் அத்தனையும். பொருத்தம் அமைந்தால் அது தானாகவே இரு வீட்டுக்கும் மெசேஜ் அனுப்பிவிடும். மென்பொருள் கிழடு தட்டிவிட்டதால், புதிய பதிப்பு போட்ட புது சர்வருக்கு அதைக் குடிமாற்ற வேண்டும்.

"ஒண்ணும் ஆயிராதில்ல கண்ணு? அத்தனையும் சனங்க நம்பிக் குடுத்த சாதகம்" என்றார் அக்கா.

"ஒரு பைலத் தூக்கி அங்க வெக்கறதுங்க்கா. அவ்வளவுதான்."

ஞாயிறு மதியம் அந்தக் கணினியின் பெரிய பைலைத் தூக்கி வைத்தேன். புது சர்வரில் கம்ப்யூட்டர் ஜம்மென்று விழித்துக்கொண்டது. அக்காவைப் பெருமையாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, பழையதை அழிக்கக் கை வைக்கப் போனேன். செல்போன் அடித்தது. கவிதா.

"ஏனுங்க, எனக்கு மாப்பிள்ளை வந்திருக்குதுங்க."

"என்னது?"

"அக்கா ஆபீஸ்ல இருந்து மெசேஜ். கோபி பக்கத்துப் பையனாமா. சொந்தத் தென்னந்தோப்பு. போட்டோவும் நல்லாத்தானுங்க இருக்குது."

சிரித்தேன். அதற்குள் அக்காவின் இரண்டு போன்களும் அலற ஆரம்பித்தன.

"அடக் கண்ணு! நான் கண்ணாலம் முடிச்சு வெச்சவங்களுக்கெல்லாம் மறுக்கா வரன் போயிருக்குது!"

திரையில் கவிதாவின் பக்கத்தைத் திறந்தேன். நீலப் புடவையில், பெண் பார்க்கப் போனபோது நான் கண்ட அதே முகம். கீழே, 'வரன் தேடுகிறார்'. எனக்குப் புல்லரித்துவிட்டது. அந்தக் கம்ப்யூட்டர் என் கல்யாணத்துக்கு முந்தைய காலத்தில் கண் விழித்திருந்தது.

காரணம் பிறகுதான் விளங்கியது. எனக்கு முன்பிருந்த ஆள் ஏதோ சோதனைக்காக, அந்த நேரத்து நிலையைப் படம் பிடித்ததுபோல நிறுத்திவைக்கும் ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டு மறந்திருக்கிறார். எடுத்த நொடியில் பெரிய பைல் அப்படியே உறைந்துவிடும். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் பக்கத்தில் இன்னொரு பைலில் சேரும். அதை நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கவிதா கொஞ்சம் தாமதித்திருந்தால் அதையும் அழித்திருப்பேன்.

புதிய கணினியை நிறுத்தினேன். பழைய சர்வரிலேயே இரண்டு பைல்களையும் ஒன்றாக இணைக்கக் கட்டளை கொடுத்தேன். நடுவில் நின்றால் இரண்டும் போச்சு. காரமடை ரங்கநாதரைக் கூப்பிட்டுக்கொண்டே, "எதையும் தொட்றாத கண்ணு, மூச்சுக்கூட மெதுவா உடு" என்றார் அக்கா. நிஜமாகவே மெதுவாகத்தான் விட்டேன்.

முடிந்ததும் மறுபடி நகலெடுத்து, மூலத்தோடு ஒத்துப்பார்த்து, புது சர்வரில் திறந்தேன். கவிதாவின் பக்கத்தில் 'திருமணம் முடிந்தது'. ஒவ்வொரு பக்கமாகத் திறந்தோம். அங்கேயும் முடிந்தது, இங்கேயும் முடிந்தது. இத்தனை குடும்பங்களும் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்துக்குப் போய், ஒரு பொட்டுகூடக் கலையாமல் திரும்பி வந்திருந்தன. அக்கா திரையைத் தொட்டுக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

அன்று முதல் வீட்டில் எனக்கு மரியாதை இல்லை. எங்கே கிளம்பினாலும், நான் காரை எடுக்கும் முன் கவிதா எங்கள் மகள் உட்காரும் பின்சீட்டைக் காட்டிக் கேட்பாள்:

"புள்ள ஏறிட்டாளுங்களா? இல்ல, பெரிய பைலு மட்டும் போதும்னு கெளம்பிட்டீங்களா?"