ஐந்து மாதக் குழந்தையின் தொண்டையில் வாழைக்காய் பஜ்ஜி

கார்த்திகை மழை பிடித்துக்கொண்டதும் அடி அண்ணாமலையில் ஒரே ஒருவரிடம்தான் கூட்டம். தொக்கம் கண்ணாயிரம்! மலையைச் சுற்ற வந்தவர்கள்கூட அவர் வாசலில் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போனார்கள்.

தொக்கம் தெரியாத பாக்கியசாலிகளுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை இருமினால், அது தின்ற எதுவோ நெஞ்சில் சிக்கிக்கொண்டதாம். கண்ணாயிரம் பித்தளைக் குழாயைப் பிள்ளையின் தொண்டைக்குழிமேல் வைத்து ஒரு உறிஞ்சு உறிஞ்சுவார். தட்டில் துப்புவார். டங்கென்று ஒரு தேங்காய்ச் சில்லு விழும். காணிக்கை இருநூறு ரூபாய். தோலில் ஓட்டையே இல்லாமல் தேங்காய் எப்படி வெளியே வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் சாமி கோபித்துக்கொள்ளுமே!

கிராம நர்ஸ் சந்திரம்மாளுக்கு இதில் ஒரு தலைவலி. ஊரில் எத்தனை பிள்ளைக்கு இருமல், எத்தனை பேருக்கு மூச்சிரைப்பு என்று வாராவாரம் எண்ணி மேலே அனுப்ப வேண்டும். நோய் எங்கே ஏறுகிறதோ அங்கே மருந்தும் டாக்டரும் வருவது அதை வைத்துத்தான். மூன்று வாரமாக அடி அண்ணாமலையின் எண்ணிக்கை பூஜ்யம். ஒரு பிள்ளைகூட சுகாதார நிலையத்துப் பக்கம் வரவில்லையே! கண்ணாயிரம் சும்மா இருப்பாரா? 'அரசாங்கமே ஒப்புக்கொண்டது! இருமல் இல்லாத ஊர்!' என்று பேனர் கட்டிவிட்டார். பேனருக்குக் கீழே பிள்ளைகள் வரிசையாக நின்று இருமின.

பிள்ளைகள் இங்கே இருக்கும்போது கணக்கு நோட்டு மட்டும் சுகாதார நிலையத்தில் எதற்கு? சந்திரம்மாள் ஒரு ஸ்டூலைத் தூக்கிவந்து வரிசைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னா சிஸ்டர், உனக்கும் தொக்கமா?" என்றார் கண்ணாயிரம்.

"இல்லீங்க சாமி. பேரு மட்டும் எழுதிக்கிறேன்."

பேர், வயது, எத்தனை நாள் இருமல். ஓரத்தில் சும்மா ஒரு கட்டம்: தொக்கத்தில் என்ன வந்தது? அந்தக் கட்டம்தான் வேடிக்கை காட்டியது. திங்கட்கிழமை வந்த பதினெட்டுப் பிள்ளைக்கும் தேங்காய். செவ்வாய்க்கிழமை இருபத்திரண்டு பேருக்கும் பட்டாணி. புதன்கிழமை அத்தனைக்கும் பரோட்டா. பிள்ளைகள் முதல் நாளே கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றுகின்றனவோ என்னவோ!

வியாழக்கிழமை ரசியா பேகம் தன் ஐந்து மாதக் குழந்தை அயானைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சந்திரம்மாள் துணியை விலக்கினாள். குழந்தையின் விலாவுக்குக் கீழே குழி விழுந்து விழுந்து எழுந்தது. கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். நிமிடத்துக்கு அறுபத்தெட்டு மூச்சு.

"ரசியா, இது ரொம்ப ஜாஸ்திம்மா. இப்பவே பெரியாஸ்பத்திரிக்குக் கெளம்பு. நான் ஆட்டோவுக்குச் சொல்றேன்."

"தொக்கம் எடுத்துட்டுப் போயிடறேன் சிஸ்டர். எடுக்காம வராதன்னுட்டாங்க மாமியா."

அவள் சொல்லி முடிப்பதற்குள் கண்ணாயிரம் குழாயை வைத்தார். உறிஞ்சினார். துப்பினார்.

"பாத்தியா! வாழக்கா பஜ்ஜி! ஆஸ்பத்திரியாவது ஒண்ணாவது, வூட்டுக்குப் போம்மா."

ரசியா வீட்டுப் பக்கம் திரும்பியே விட்டாள். சந்திரம்மாள் குறுக்கே நின்றாள்.

"புள்ளைக்கு பஜ்ஜி குடுத்தியா?"

"அய்யய்யோ! பால் தவிர தண்ணிகூட குடுக்கல சிஸ்டர்!"

"ஆத்தாக்காரி துன்னது பால்ல எறங்கிடுச்சு," என்றார் கண்ணாயிரம்.

"நான் பஜ்ஜி துன்னு ஆறு மாசமாவுதுங்க!"

"அப்போ பக்கத்து வூட்ல துன்னிருப்பாங்க. காத்துல வரும்."

கூட்டம் பயபக்தியோடு தலையாட்டியது. பக்கத்து வீட்டுப் பச்சையம்மாள் கண்ணீரே விட்டுவிட்டாள். "ஆமாங்க சாமி, நேத்து எங்க வூட்லதான் சுட்டோம்!"

கண்ணாயிரம் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு அடுத்த பிள்ளையை இழுத்தார். சந்திரம்மாள் டார்ச்சை எடுத்து அவர் முகத்துக்கு நேரே அடித்தாள்.

"குழாய் வெக்கறதுக்கு முன்னாடி ஒரு வாட்டி ஆ சொல்லுங்க சாமி."

"ம்ம்ம்," என்றது சாமி. கன்னம் இரண்டும் உப்பியிருந்தன.

வரிசையில் நின்ற பிள்ளைகளுக்கு ஒரே குஷி. வாழ்நாளெல்லாம் டாக்டர்களிடம் ஆ சொல்லிச் சலித்த கூட்டம் அல்லவா!

"ஆ சொல்லு! ஆ சொல்லு!"

அவர் வாயைத் திறக்கவில்லை. இருமல்தான் திறந்தது. ஒரே குழாயை நூறு பிள்ளைகளின் கழுத்திலும் தன் வாயிலும் மாற்றி மாற்றி வைத்தவரை, நோய் மட்டும் சாமி என்று பார்க்குமா? ஒரு தொடர் இருமல். தட்டில் டப், டப், டப், டப். நான்கு துண்டு பஜ்ஜி. அடுத்த பிள்ளைமீது இன்னும் குழாயே படவில்லை!

"அப்போ எங்க வூட்டு பஜ்ஜி மேல தப்பில்லியா?" என்றாள் பச்சையம்மாள்.

ரசியா தட்டைப் பார்த்தாள். குழந்தையைப் பார்த்தாள். "ஆட்டோ எங்க சிஸ்டர்?" என்று ஓடினாள்.

சந்திரம்மாள் நோட்டைப் புரட்டினாள். "கண்ணாயிரம். வயசு சொல்லுங்க. இருமல் எத்தினி நாளா?"

அயானுக்கு ஆக்சிஜன் வைத்தார்கள். மூன்றாம் நாள் வயிறு முட்டப் பால் குடித்துவிட்டு மாமியார் மடியில் சிரித்தான். அந்த வரிசையிலிருந்து இன்னும் ஏழு பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குப் போயின. ஒன்றின் நெஞ்சிலும் பலகாரம் இல்லை, சளிதான் இருந்தது.

பெற்றவர்களே, பிள்ளை மூச்சு வாங்கினால் நெஞ்சைப் பாருங்கள், தட்டைப் பார்க்காதீர்கள். தலைக்குள் மூளை என்று ஒன்று இருக்கிறது. அதையும் எவனாவது குழாய் வைத்து உறிஞ்சுவதற்குள் ஒருமுறையாவது உபயோகித்துவிடுங்கள்!